விறகுக்கு விலை பேசும் முன்

தீக்குச்சிக்கு மெதுவான பெருமரம்தான் வேண்டும், வேம்பு ஆகாது. சிவகாசிக்காரர்களுக்கு இது தெரியும். எந்த மரத்துக்கும் ஒரு வேலை உண்டு. வாகை செக்குக்கு, கருவேலம் வண்டிச் சக்கரத்துக்கு. வேம்பின் சிவந்த வைரத்தைப் பூச்சி எளிதில் அண்டாது, அலமாரிக்கு நல்லது.

எங்கள் தெருவில் காற்றில் சாய்ந்த வேம்பை விறகுக்குக் கேட்டார்கள். கொடுக்கவில்லை. மில்லில் ஒன்றரை அங்குலப் பலகையாக அறுத்தோம். வெடிக்காமலிருக்க முனைகளில் பழைய பெயிண்ட் பூசினோம். இடையில் ரீப்பர் கட்டை கொடுத்து, நிழலில் அடுக்கி, 18 மாதம் காயவிட்டோம். இன்று அதில் 4 பெஞ்சுகள். பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கிறார்கள்.

மரம் விழுவதை எப்போதும் தடுக்க முடியாது. 50 வருடம் வளர்ந்தது ஒரே நாளில் சாம்பலாவதைத் தடுக்கலாம். விலை பேசும் முன் ஓர் ஆசாரியிடம் காட்டுங்கள்.