நறுக்கிய ஈரலும் கிள்ளுக்கீரையும்

சில ஆண்டுகளுக்கு முன் நியூயார்க் நகரத்துப் புரூக்ளினில், யூத நண்பர் ஒருவரின் இல்லத்தில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு விருந்துண்ணும் பாக்கியம் எனக்குக் கிட்டிற்று. பிரார்த்தனை முடிந்து மேஜையைச் சூழ்ந்து அமர்ந்தவர்கள், தூரதேசத்திலிருந்து வந்தவன் என்பதற்காக என்னையும், புதிதாக வைத்தியப் பட்டம் பெற்றவன் என்பதற்காகப் பேரனையும் மாறி மாறி விசாரித்தார்களே தவிர, காலை முதல் அடுப்படியில் நின்று அத்தனை பதார்த்தங்களையும் சமைத்த பாட்டியம்மாளை ஏறிட்டுப் பார்த்தவர் ஒருவருமில்லை. அம்மூதாட்டி சற்று நேரம் பொறுத்திருந்துவிட்டு, இரு கைகளையும் விரித்து, "நான் என்ன, நறுக்கிய ஈரலா?" என்றார். ஈரல் என்ற சொல் மட்டும் காதில் விழுந்த நான், அதை உபசாரமென்று கருதி, "மன்னிக்க வேண்டும் அம்மா, நான் சைவன்" என்று பவ்வியமாகச் சொல்லிவைக்க, எழுந்த சிரிப்பு அடங்க வெகு நேரமாயிற்று.

1881-க்கும் 1924-க்கும் இடையே கிழக்கு ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய 20 லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் தங்களோடு கொண்டுவந்த உணவு இந்த நறுக்கிய ஈரல். ஈரலில் இரத்தம் மிகுதியாதலால் உப்பிட்டு வைத்தால் மட்டும் போதாது, நெருப்பில் வாட்டியே தீரவேண்டும் என்பது அவர்களுடைய சாஸ்திரம். மாமிசத்தோடு பால்பண்டம் சேரலாகாதென்பதால் வெண்ணெயும் விலக்கு. ஆகவே கோழிக்கொழுப்பை உருக்கி, அதிலே வெங்காயத்தைச் சிவக்க வதக்கி, வாட்டிய கோழி ஈரலையும் அவித்த முட்டையையும் சேர்த்துக் கையோயக் கொத்தவேண்டும். இவ்வளவு பிரயாசைக்குப் பிறகும், சூப்பும் கோழியும் வருமுன் ரொட்டியில் தடவித் தின்னும் ஸ்தானமே அதற்கு. விருந்துண்டு திரும்புகிறவன் கோழியைப் பற்றித்தான் பேசுவான்.

"நான் என்ன கிள்ளுக்கீரையா?" என்று நம் வீடுகளில் கேட்பதும் இதே வினாதான் என்று அன்றிரவே எண்ணிப் பூரித்தேன். பிறகு யோசிக்கையில் அந்தப் பூரிப்பு சற்றுக் குறைந்தது. கொல்லையிலே முளைத்து, வேண்டியபோது நகத்தால் கிள்ளிக்கொள்ளப்படும் கீரைக்கு விலையுமில்லை, உழைப்புமில்லை; ஆதலால் நம்மவர் அவ்வினாவைக் கேட்கும்போது குரல் உயர்ந்துவிடும், அங்கே சண்டையின் வாடை அடிக்கும். ஈரலின் மனத்தாங்கலோ வேறு: அதை யாரும் இகழ்வதில்லை, எல்லோரும் ருசித்து உண்கிறார்கள், கணக்கில்தான் சேர்ப்பதில்லை. இந்த ஈரல் கேள்வியை ஒரு குமாஸ்தா தம் மேலதிகாரியிடம் கேட்கத் துணிவாரா என்பது எனக்குச் சந்தேகமே. சிரித்துக்கொண்டே ஓடிவந்து தேற்றுவார்கள் என்ற தைரியம் உள்ள இடத்தில்தான் அது வாயில் வரும்.

பாட்டியம்மாளும் சிரித்தவாறே உள்ளே சென்று, நான் சைவன் என்பதைப் பேரன் வாயிலாக முன்பே அறிந்து எனக்கென்று எடுத்துவைத்திருந்த உருளைக்கிழங்கைக் கொண்டுவந்து வைத்தார். அவர் எப்போது உட்கார்ந்து சாப்பிட்டார் என்பது எவ்வளவு யோசித்தும் எனக்கு நினைவுக்கு வரவில்லை.