வாய்க்காலுக்கு இருபுறமும்

சென்ற பருவத்தில் முதுகலை மாணவர்களுக்குப் பிரபஞ்சனின் 'மானுடம் வெல்லும்' புதினத்தை நடத்திக்கொண்டிருந்தோம். புதுச்சேரியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நம் வாயில் தானாக வந்துவிடும் ஒரு தொடர் உண்டு: 'இரு பண்பாடுகள் கலந்த நகரம்'. பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறோம். வினாத்தாளில்கூட எழுதியிருக்கிறோம். அன்று கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

"ஐயா, கலந்துவிட்டது என்றால் நடுவில் வாய்க்கால் எதற்கு?"

வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்தோம். மணி அடித்து நம்மைக் காப்பாற்றியது. ஆனால் வீடு திரும்பும் பேருந்தில் அந்தக் கேள்வி நம் பக்கத்து இருக்கையிலேயே அமர்ந்து வந்தது.

புதுச்சேரியை அறிந்தவர்களுக்கு அந்த வாய்க்காலை விளக்க வேண்டியதில்லை. அதற்குக் கிழக்கே, கடலை ஒட்டி, வெள்ளையர் நகரம். மேற்கே கறுப்பர் நகரம். இவை நாம் சூட்டிய பெயர்கள் அல்ல, ஆண்டவர்கள் வைத்த பெயர்கள். துய்ப்ளெக்சின் தலைமைத் துபாசியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை மேற்கேதான் நிற்கிறது. ஆளுநரின் அந்தரங்கம் அறிந்தவர், படைக்கும் வணிகத்திற்கும் பணம் புரட்டித் தந்தவர். எனினும் அவர் உறங்கியது வாய்க்காலுக்கு இந்தப் புறம்.

1738ஆம் ஆண்டைச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் அம்மாளிகையை மாணவர்களுக்குக் காட்ட அழைத்துச் சென்றோம். கீழ்த்தளம் முழுக்க நம் ஊர் வீடு: திண்ணை, மரத்தூண்கள். மேல்தளத்தில் ஐரோப்பியப் பாணியில் வெண்ணிறத் தூண்கள். 'கலப்புக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?' என்று கேட்க வாயெடுத்தோம், கேட்கவில்லை. அண்ணாந்து பார்த்தபோது ஒன்றின்மேல் ஒன்று வைக்கப்பட்டிருப்பதாகத்தான் தோன்றியது. எது கீழே, எது மேலே என்பதும் கண்ணில் பட்டது.

பிள்ளையின் நாட்குறிப்பு 1736இல் தொடங்கி 1761வரை செல்கிறது. நம்மைப் பொறுத்தவரை, அந்த நகரில் உண்மையான கலப்பு எங்காவது நிகழ்ந்தது என்றால் அது அந்த நாட்குறிப்பின் உரைநடையில்தான். 'முசே' என்றும் 'கும்பனீர்' என்றும் எழுதிச் செல்லும் அந்தத் தமிழ் எந்தப் பண்டிதருக்கும் கட்டுப்பட்டதன்று. இலக்கணம் படித்த நமக்கே முதல் வாசிப்பில் முகம் சுளித்தது. பிறகு அதன் சுவை பிடித்துப்போயிற்று. துபாசி என்ற சொல்லுக்கே இரண்டு மொழிகள் உடையவன் என்பது பொருள். இரண்டு மொழிகளுக்கு நடுவே நின்று பிழைத்த ஒருவர், மூன்றாவதாக ஒரு மொழியை வீட்டில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார்.

ஆனால் அதே நாட்குறிப்பில்தான் 1745இல் தேவாலயத்துக்குள் இருந்த சுவரைப் பற்றிய வழக்கும் பதிவாகியிருக்கிறது. ஒடுக்கப்பட்ட சாதிக் கிறித்தவர்களைப் பிரித்து வைக்க எழுப்பப்பட்ட சுவர் அது. கலந்த பண்பாடு சாதியையும் விட்டுவைக்காமல் கலந்துகொண்டது போலும்! 1748இல் ஆங்கிலேயர் முற்றுகையின்போது வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதையும் பிள்ளை எழுதியிருக்கிறார். அவ்வளவு செல்வாக்கு இருந்தும் அவரால் அதைத் தடுக்க இயலவில்லை. எழுதத்தான் முடிந்தது.

பிரபஞ்சன் இந்த இடத்தில்தான் பெரிய எழுத்தாளராகிறார் என்பது நம் கருத்து. 'மானுடம் வெல்லும்', 1995இல் சாகித்திய அகாதமி விருது பெற்ற 'வானம் வசப்படும்' ஆகிய இரண்டுக்கும் பிள்ளையின் நாட்குறிப்பே நிலைக்களன். ஆனால் பிள்ளை ஒரு வரியில் கடந்து சென்றவர்களைப் பிரபஞ்சன் முற்றத்தில் உட்காரவைத்துப் பேசவிடுகிறார். தாசியரும் எளிய மக்களும் அங்கே உயிர் பெறுகிறார்கள். சில இடங்களில் வரலாற்றுச் செய்தி கதையைத் தள்ளிக்கொண்டு முன்னே வந்துவிடுகிறது என்ற குறை நமக்கு உண்டு. இருந்தாலும் அது பொறுக்கத்தக்க குறைதான். 1761இல் ஆங்கிலேயர் அந்நகரைக் கைப்பற்றித் தரைமட்டமாக்கினர். பிரெஞ்சியர் 1765இல்தான் திரும்பி வந்து மீண்டும் கட்டினார்கள். ஆகவே இன்று பயணிகள் படம் எடுத்துக்கொள்ளும் மஞ்சள் சுவர்களில் பெரும்பாலானவை துய்ப்ளெக்சு கண்டவை அல்ல. அவர் காலத்து நகரில் நடமாட வேண்டுமென்றால் பிள்ளையின் ஏட்டுக்குள்ளோ பிரபஞ்சனின் புதினத்துக்குள்ளோதான் போயாக வேண்டும். 2018இல் பிரபஞ்சன் மறைந்தபோது அந்நகரின் கடைசிக் குடிமகன் போய்விட்டதாகவே நமக்குத் தோன்றியது.

மாணவியின் கேள்வி நம்மை இவ்வளவு தைத்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. அதை வகுப்பில் சொல்லவில்லை.

நம் பாட்டனார் 'மேரி'யில், அதாவது நகராட்சி மன்றத்தில், எழுத்தராக இருந்தவர். அவருடைய தம்பி சொல்தா. பிரெஞ்சுப் படையில் சேர்ந்து இந்தோ சீனம்வரை போய் வந்தவர். 1954 நவம்பர் முதல் நாள் புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. எனினும் ஒப்பந்தம் முறைப்படி நடைமுறைக்கு வந்தது 1962 ஆகசுடு 16இல்தான். அங்கே பிறந்து அங்கேயே வாழ்ந்தவர்கள் தாமாகவே இந்தியக் குடிமக்கள் ஆவார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். தம்பி எழுதிக் கொடுத்தார். அண்ணன் கொடுக்கவில்லை. ஒரே முற்றத்தில் இரண்டு நாடுகள் உண்டாயின. சில ஆண்டுகளில் தம்பி குடும்பத்தோடு கப்பலேறினார்.

"கையெழுத்துப் போட்ட வீட்டிலே ரொட்டி, போடாத வீட்டிலே பழைய சோறு" என்று பாட்டி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். பாட்டனார் பதில் சொன்னதாக நினைவில்லை. அங்கிருந்து வந்த கடிதங்கள் முதலில் நல்ல தமிழில் இருந்தன. பிறகு பிரெஞ்சு எழுத்துகளில் எழுதிய தமிழாயின. அதன்பின் அச்சிட்ட வாழ்த்து அட்டைகள் மட்டும். சில ஆண்டுகளுக்கு முன் அந்தத் தம்பியின் பேத்தி வந்திருந்தார். நம் தாயாரின் காலைத் தொட்டு வணங்கினார். "வணக்கம் அத்தை" என்ற இரண்டு சொற்களையும் பிழையின்றிச் சொன்னார். மீதிப் பேச்சுக்கு நம் மகன் கைப்பேசியில் மொழிபெயர்ப்பைத் தேடினான். அவர் அறை எடுத்திருந்தது வாய்க்காலுக்குக் கிழக்கே ஒரு விடுதியில். வீட்டில் தங்குங்கள் என்று தாயார் எவ்வளவோ வற்புறுத்தினார். கேட்கவில்லை. குறை சொல்லவில்லை, நம் வீட்டில் இருப்பது ஒரே குளியலறை.

அவர் போன பிறகுதான் பாட்டனாரின் தகரப் பெட்டியைத் திறந்தோம். கோயில் ரசீதுகள், 'மேரி'யின் சம்பளச் சீட்டுகள், அடியில் நான்காய் மடித்த ஒரு தாள். அழகான கையெழுத்தில் பிரெஞ்சு. நமக்கு அம்மொழி தெரியாது. கல்லூரியில் பிரெஞ்சு கற்பிக்கும் நண்பரிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்து தெரிவிக்கும் விண்ணப்பம் அது. பெயர், தந்தை பெயர், பிறந்த ஊர், பாட்டியின் பெயர், நம் தந்தையார் உட்பட மூன்று பிள்ளைகளின் பெயர்கள், எல்லாம் இருந்தன. தேதியும் கையொப்பமும் மட்டும் இல்லை.

வரும் வாரம் மீண்டும் அதே புதினம், அதே வகுப்பு. அந்தத் தாளைப் படி எடுத்து வைத்திருக்கிறோம். முதலில் அந்த மாணவியிடம் காட்டலாம் என்றிருக்கிறோம்.