கில்டாவின் பத்து மாதம்

கொஞ்சம் பெரிய பதிவு நண்பர்களே. நேரம் இருக்கும்போது பொறுமையா படிங்க. வீட்ல இருக்கற பெண்களையும் படிக்கச் சொல்லுங்க.

1988. அமெரிக்காவில் கேரி ஷாண்ட்லிங் என்ற நகைச்சுவை நடிகரின் டிவி தொடர். அதில் விருந்தினராக ஒரு பெண் வருகிறார். வயது 41. கீமோவில் கொட்டிப்போன முடி இப்போதுதான் வளர்ந்திருக்கிறது. "ரொம்ப நாளா உங்களை டிவியில பார்க்க முடியலையே?" என்று கேட்கிறார் ஷாண்ட்லிங். "எனக்கு கேன்சர். உங்களுக்கு என்ன?" என்கிறார் அந்தப் பெண், ஜலதோஷம் விசாரிப்பது போல. அரங்கம் சிரிப்பில் வெடிக்கிறது.

அவர் பெயர் கில்டா ராட்னர். நம்ம ஊரில் அதிகம் பேருக்குத் தெரிந்திருக்காது. அவரைப் பற்றி ஒரு டாக்டர் எதுக்கு எழுதணும்னு கேட்டா, காரணம் கடைசியில வரும்.

1946இல் டெட்ராய்ட் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். குழந்தையில் நல்ல குண்டு. பத்து வயதிலேயே இளைப்பதற்காக டெக்ஸெட்ரின் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அது ஆம்ஃபெடமின் வகை மருந்து. இன்றைக்கு எந்த டாக்டரும் இளைப்பதற்காக ஒரு குழந்தைக்கு அதை எழுதமாட்டார், எழுதவும் கூடாது. பெரியவரான பிறகு சாப்பிட்டதை வாந்தியெடுக்கும் புலிமியா நோயோடு பல வருடம் போராடினார். அந்த மாத்திரைக்கும் இதற்கும் நேர்க்கோடு போட முடியாது. ஆனாலும் பத்து வயசுப் பிள்ளையிடம் உன் உடம்பு சரியில்லை என்று சொன்னால், அது எங்கேயோ போய்த் தங்கிவிடுகிறது.

அப்பா மீது உயிர். அவருக்கு மூளையில் கட்டி வந்தது. கில்டாவுக்கு 14 வயதாகும்போது இறந்துபோனார்.

மிச்சிகன் பல்கலைக்கழகப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு கனடாவின் டொரண்டோவுக்குப் போய் மேடையேறினார். 1975இல் நியூயார்க்கில் 'சாட்டர்டே நைட் லைவ்' தொடங்கியபோது முதலில் ஒப்பந்தமான நடிகர் கில்டாதான். ஸ்கெட்ச் காமெடி என்றால் சில நிமிடமே ஓடும் துண்டு நாடகங்கள். வாராவாரம் புதுசு, நேரடி ஒளிபரப்பு, சொதப்பினால் நாடே பார்க்கும்.

அவர் செய்த பாத்திரங்களில் எனக்குப் பிடித்தது எமிலி லிட்டெல்லா. காது மந்தமான ஒரு பாட்டி. டிவியில் 'வயலன்ஸ்' அதிகமாகிவிட்டது என்ற செய்தியை 'வயலின்' என்று காதில் வாங்கிக்கொண்டு, டிவியில் வயலின் வாசிச்சா என்ன தப்பு, பிள்ளைங்க கேட்கட்டுமே என்று ஆவேசமாகப் பொங்குவார். பக்கத்தில் இருப்பவர் திருத்தியதும் ஒரு நொடி முழிப்பார். பிறகு குழந்தை மாதிரி சிரித்துக்கொண்டே "அப்போ விடுங்க" என்பார். எழுதினால் சாதாரணமாகத்தான் இருக்கிறது. அந்த முழியைப் பார்க்கணும். சின்ன வயதில் தன்னை வளர்த்த ஆயாவை வைத்தே அந்தப் பாட்டியை உருவாக்கினார். 1978இல் எம்மி விருது. 1980இல் நிகழ்ச்சியை விட்டு வெளியே வந்தார். 1984இல் நடிகர் ஜீன் வைல்டரைத் திருமணம் செய்தார். குழந்தைக்கு ஏங்கினார். கரு தங்கவில்லை.

இனிமேதான் நான் சொல்ல வந்தது.

1986 ஜனவரியில் அவருக்குத் தாங்கமுடியாத அசதி. அப்புறம் விட்டுவிட்டு லேசான காய்ச்சல். வயிறு உப்புசம், அடிவயிற்று வலி, தொடையில் வலி. ஒரு டாக்டர் மாற்றி இன்னொரு டாக்டர். எப்ஸ்டீன் பார் வைரஸ் என்றார்கள். மனஅழுத்தம் என்றும் சொன்னார்கள். ஏற்கெனவே எல்லாவற்றுக்கும் பயப்படுகிற பெண் என்ற பெயர் வேறு. பணம், புகழ், நல்ல மருத்துவர்கள் எல்லாம் இருந்தும் பத்து மாதம் ஓடிவிட்டது. அக்டோபரில்தான் தெரிந்தது, சினைப்பைப் புற்றுநோய். அதுவும் முற்றிய நிலையில்.

அவருடைய நெருங்கிய உறவுப் பெண்கள் சிலருக்கு அதே புற்றுநோய் ஏற்கெனவே வந்திருந்தது. அதை யாரும் தோண்டித் துருவிக் கேட்கவில்லை என்பதுதான் ஜீன் வைல்டருக்குக் கடைசிவரை இருந்த ஆதங்கம்.

அந்த டாக்டர்களைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லைங்க. ஏன்னு சொல்றேன்.

சில வருடம் முன்பு என்னிடம் ஒரு அம்மா வந்தாங்க. ஐம்பது வயதுக்கு மேல். "ரெண்டு இட்லி சாப்பிட்டாலே வயிறு நெறைஞ்சிடுது டாக்டர்." கேஸ் மாத்திரை கொடுத்தேன். மூணு வாரம் கழிச்சு மறுபடி வந்தாங்க. மாத்திரையை மாத்திக் கொடுத்தேன். மூணாவது தடவை வந்தப்போ, "கை காலெல்லாம் இளைச்சிட்டேன், ஆனா புடவைதான் இடுப்புல கட்ட முடியல" என்று சிரிச்சாங்க. அப்போதான் படுக்க வெச்சு வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். உள்ளே நீர் கோர்த்திருந்தது. ஸ்கேனில் சினைப்பையில் கட்டி. கூடப்பிறந்த தங்கச்சிக்கு மார்பகப் புற்றுநோய் இருந்த விஷயத்தை அன்னைக்குத்தான் சொன்னாங்க. அவங்க மறைக்கல. முதல் ரெண்டு தடவையும் நான் கேட்கவே இல்லை.

அந்த நோயின் குணம் அப்படி. உப்புசம், சீக்கிரம் வயிறு நிறைவது, அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர். எல்லாமே நம்ம எல்லாருக்கும் எப்பவாவது வருவதுதான். உடனே பயப்படாதீங்க. புதுசா ஆரம்பிச்சு, அடிக்கடி வந்து, ரெண்டு மூணு வாரமா போகாம இருந்தா, முக்கியமா 50 வயசுக்கு மேல, டாக்டரிடம் "ஸ்கேன் பார்க்கலாமா" என்று நீங்களே கேளுங்க. கேட்பது தப்பில்லை. கோபப்படற டாக்டரா இருந்தா டாக்டரை மாத்துங்க.

சிஏ-125 ரத்தப் பரிசோதனையை எல்லாரும் எடுக்கலாமா என்று கீழே கேட்பீங்க. வேண்டாம். கர்ப்பப்பைக் கட்டி, எண்டோமெட்ரியோசிஸ், வயிற்று டிபி, ஏன் மாதவிலக்கு நேரத்தில்கூட அது கூடும். தொந்தரவே இல்லாதவர்களுக்கு அதை எடுத்தால் உயிரைக் காப்பாற்றுவதைவிட தேவையில்லாத ஆபரேஷனில் கொண்டுபோய் விடுவதுதான் அதிகம்.

குடும்ப வரலாறு வேற கதை. பிஆர்சிஏ-1 மரபணு 1994இல்தான் கண்டறியப்பட்டது. கில்டா காலத்தில் அந்தப் பரிசோதனையே கிடையாது. சாதாரணமா சினைப்பைப் புற்றுநோய் நூறு பெண்களில் ஒருவருக்குச் சற்று அதிகமா வரும். இந்த மரபணுவில் கோளாறு இருந்தா சுமார் 40 பேருக்கு. கில்டா பிறந்த கிழக்கு ஐரோப்பிய யூத வம்சாவளியில் இந்தக் கோளாறு அதிகம், ஆனா அவங்களுக்கு மட்டும் உரியது இல்லை. அம்மா வழியில் மட்டும்தான் வரும் என்று நினைக்காதீங்க. அப்பா வழியாவும் வரும். அத்தைக்கு, அப்பாவைப் பெத்த பாட்டிக்கு என்ன நோய் இருந்ததுன்னு விசாரிச்சு வைங்க. "வயித்துல கட்டி வந்து செத்துட்டாங்க" என்று ஒரே வரியில் முடிச்சிருப்பாங்க. அந்தக் கட்டி எங்கே இருந்ததுன்னு கேளுங்க.

கில்டா ஆபரேஷன், கீமோ, கதிர்வீச்சு எல்லாம் பார்த்தார். நடுவில் நோய் அடங்கியது போலிருந்தது. ஷாண்ட்லிங் நிகழ்ச்சிக்கு வந்தது அந்த இடைவெளியில்தான். பிறகு திரும்ப வந்துவிட்டது. தன் கதையைப் புத்தகமாக எழுதி முடித்து, தன் குரலிலேயே வாசித்தும் பதிவு செய்தார். அந்த ஒலிப்பதிவுக்கு மறுவருடம் கிராமி விருது கிடைத்தபோது அவர் இல்லை. ஜீன் வைல்டர் 1991இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்பு போய்ப் பேசினார். நண்பர்களோடு சேர்ந்து, புற்றுநோயாளிகளும் குடும்பத்தாரும் கட்டணமில்லாமல் கூடிப் பேச 'கில்டாஸ் கிளப்' தொடங்கினார். நியூயார்க்கில் அதன் கதவு 1995இல் திறந்தது.

கில்டா இறந்தது 1989 மே 20. வயது 42. அன்றைக்கு சனிக்கிழமை. இரவு 'சாட்டர்டே நைட் லைவ்' நேரடி ஒளிபரப்பு, நடத்துபவர் ஸ்டீவ் மார்ட்டின். வழக்கமான நகைச்சுவைத் தொடக்க உரையை அவர் பேசவில்லை. 1978இல் கில்டாவும் அவரும் சேர்ந்து ஆடிய ஒரு நடனக் காட்சியைப் போடச் சொன்னார். வெள்ளை உடையில் இருவரும் அரங்கம் முழுக்க ஓடி, விழுந்து, எழுந்து ஆடுகிறார்கள். காட்சி முடிந்து கேமரா அவரிடம் திரும்பியபோது, அவருக்குக் குரல் சரியாக எழும்பவில்லை.