அறிவோடு கூடிய அன்பு



கடந்த கிறிஸ்துமஸ் இரவு ஆராதனை முடிந்து வீடு திரும்பியபோது, எங்கள் நாய் ஜிம்மி வாசலில் காத்திருந்தது. பண்டிகை நாளில் அதற்கு மட்டும் பங்கில்லையா என்று எண்ணி, சபையார் தந்த கேக்கில் இரண்டு பெரிய துண்டுகளை என் கையாலேயே ஊட்டினேன். வாலை ஆட்டிக்கொண்டே தின்றது. விடியுமுன் பலமுறை வாந்தியெடுத்துச் சோர்ந்து படுத்துவிட்டது.

"கேக்கில் உலர்திராட்சை இருந்ததா ஐயா?" என்பதே கால்நடை மருத்துவர் கேட்ட முதற் கேள்வி. திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடும். எவ்வளவு தின்றால் ஆபத்து என்று அளவிட்டுச் சொல்லவும் முடியாது என்றார். அதிலுள்ள டார்டாரிக் அமிலமே காரணமென்று இப்போது கருதுகிறார்களாம். அது நம் புளியிலும் உண்டு. ஆகவே புளிக்குழம்புச் சோறும் ஆகாது. வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். சாக்லேட்டிலுள்ள தியோபுரோமினை அதன் உடல் நம்மைப்போல் விரைவில் வெளியேற்றாது. வெந்த எலும்பு சில்லுசில்லாய் உடைந்து குடலைக் கிழிக்கக்கூடும். உப்பும் மசாலாவும் சேராத வெறுஞ்சோறு, எலும்பு நீக்கி வேகவைத்த கோழியிறைச்சி, கேரட், பூசணி ஆகியவற்றைச் சிறிதளவு கொடுக்கலாம்.

மூன்று நாள் நரம்பு வழியே திரவம் ஏற்றினார்கள். ஜிம்மி பிழைத்தது. ஆனால் அதற்கு நஞ்சை ஊட்டியது அதை நேசித்த என் கைதான் என்பது என்னை மிகவும் வருத்தியது.

அப்பொழுது வேறொருவரின் முகம் நினைவுக்கு வந்தது. சில ஆண்டுகளுக்கு முன் மகனை அடக்கம்பண்ணிய ஒரு தகப்பனிடம், கல்லறைத் தோட்டத்திலேயே, எல்லாம் நன்மைக்கென்றே நடக்கிறது என்று வசனம் காட்டி ஆறுதல் சொன்னேன். வசனம் சத்தியமே. அந்த வேளையில் அவரால் அதைத் தாங்க இயலவில்லை. நெடுநாள் அவர் ஆலயத்திற்கு வரவில்லை. நானும் அவரையே குறைகூறினேன்.

பிலிப்பி சபையாரின் அன்பு பெருகவேண்டுமென்று ஜெபித்த பவுல், அது அறிவோடு பெருகவேண்டுமென்றும் சேர்த்தே ஜெபித்தார் (பிலிப்பியர் 1:9). பலமுறை பிரசங்கித்த பகுதிதான். ஜிம்மி வீடு திரும்பிய வாரம் அந்தத் தகப்பனின் வீட்டுக்குச் சென்றேன். மன்னிப்புக் கேட்டேன். பிறகு, அவர் தம் மகனைப்பற்றிப் பேசியதை மாலைவரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆண்டவரே, கொடுக்குமுன் அறிந்துகொள்ளும் பொறுமையை எங்களுக்குத் தாரும். ஆமென்.