பெட்டியின் மீது பழியில்லை



பள்ளிவாசலின் ஓர் ஓரத்தில், மர அலமாரியினுள் இருக்கும் ஆம்ப்ளிஃபயர் என்னும் பெட்டியைப் பலமுறை பார்த்திருப்பீர்கள். அதனுள் என்ன நிகழ்கிறது என்று சிந்தித்ததுண்டா? கலைப் பட்டதாரியான நானும் நெடுநாள் சிந்தித்ததில்லை. நான் செய்த ஒரு தவறே என்னைச் சிந்திக்க வைத்தது.

நம் குரல் பட்டதும் மைக்கில் உண்டாகும் மின்னழுத்தம், ஒரு வோல்ட்டை ஆயிரமாகப் பகுத்தால் கிடைக்கும் சில பங்குகளே. மினாராவிலுள்ள குழாயை முழங்கச் செய்ய அது போதாது. இப்பெட்டியோ மின் இணைப்பிலிருந்து ஆற்றலைப் பெற்று, மைக் தரும் மெல்லிய அலையின் வடிவிலேயே வலிய அலையொன்றை உருவாக்கி அனுப்புகிறது. ஏரி மதகைத் திறப்பவன் கைவலிமை சிறிது. பாய்ந்து வருவதோ ஏரியின் நீர். அவ்வாறே இதுவும். 1906இல் லீ டி ஃபாரஸ்ட் உருவாக்கிய வால்வு இப்பணிக்கு வழி திறந்தது. 1947இல் பெல் ஆய்வகத்தில் பிறந்த டிரான்சிஸ்டர், பெட்டியைச் சிறிதாக்கியது.

பயன்படுத்தும் முறையும் உண்டு. குழாயின் எதிரே மைக்கைப் பிடித்தால், வெளிவந்த ஒலியே மீண்டும் மைக்கினுள் புகுந்து, பெருகிப் பெருகி ஊளையிடும். அப்போது வால்யூமைக் குறைத்து, மைக்கை நகர்த்த வேண்டும். அளவு மீறித் திருகினாலோ ஒலி சிதைந்து கரகரக்கும், சொல் விளங்காது.

இனி என் தவறுக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், அஸர் பாங்கு சொன்ன மோதினார் பெட்டியை அணைக்க மறந்துவிட்டார். தொழுகை முடிந்து, மைக்கின் அருகிலேயே பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்துக் கொண்டிருந்தேன். பாடத்தை ஒப்புவிக்காத சிறுவன் ஒருவனை நோக்கி, "உன் தகப்பன் வாங்கிய கடனைத் திருப்பித் தரமாட்டார், நீ பாடத்தைத் திருப்பிச் சொல்லமாட்டாய்!" என்று சீறினேன். எதிர்க் கடைக்காரர் ஓடி வந்து, ஒன்றும் பேசாமல் சுவிட்சை அணைத்தார். அப்போதுதான் எனக்கு விளங்கியது.

மறுநாள் சிறுவன் வரவில்லை. இஷாவுக்குப் பின் அவன் இல்லம் சென்று, தந்தையிடமும் மகனிடமும் மன்னிப்புக் கேட்டேன். தந்தை தலை கவிழ்ந்தபடி, "ஹஜ்ரத், கடன் உண்மைதான். ஆனால் இவனுக்கு அது தெரியாமல் வைத்திருந்தேன்" என்றார்.

அச்சொல் என்னைச் சுட்டது. ஊர் கேட்டதற்காக வருந்திச் சென்றேன். ஆனால், பெட்டி அணைந்திருந்தாலும் அந்தப் பிள்ளை கேட்டிருப்பானே! மகனுக்குக் குரலைத் தாழ்த்தச் சொன்ன லுக்மானின் அறிவுரையை ஆண்டுதோறும் கற்பித்தவன் நான்.

சில நாட்களில் அவன் திரும்பி வந்தான், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் முன்வரிசையில் அமர்ந்தவன் அதன்பின் தூணோரம் அமர்ந்தான்.

வாசகர்களே! பெட்டி பாங்கையும் பெருக்கும், பழிச்சொல்லையும் பெருக்கும். எதைக் கொடுப்பது என்பது நம் நாவின் பொறுப்பு. இன்று பாடம் தொடங்குமுன் சுவிட்சைப் பார்க்கிறேன்; அதற்கு முன் என் சொல்லைப் பார்க்கிறேன்.