வராதவர்களின் நேரம்

பிரித்தானியாவில் குடியேறிய நம்மவருள் வயது முதிர்ந்த ஒருவரிடம், இந்தத் தேசம் உங்களுக்குச் செய்த பேருபகாரம் எதுவென்று கேட்டால், வீட்டையோ உத்தியோகத்தையோ சொல்வதற்கு முன்னர், கையில் காசில்லாத நாளிலும் வைத்தியரைப் போய்ப் பார்க்க முடிகிறதே என்பதைத்தான் அவர் சொல்வார். 1948ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் திகதி, சுகாதார அமைச்சராயிருந்த அனைரின் பெவனின் தளராத முயற்சியினால் ஆரம்பமான தேசிய சுகாதார சேவை, வைத்தியரின் வாசலில் பணப்பையைத் திறக்கவேண்டிய அவசியமில்லை என்ற நியமத்தின்மீது கட்டப்பட்டது. மூன்றாண்டுகள் கழிந்து, செயற்கைப் பற்களுக்கும் மூக்குக்கண்ணாடிகளுக்கும் கட்டணம் விதிக்க அரசாங்கம் தீர்மானித்தபோது, பெவன் அதைச் சகியாமல் மந்திரி பதவியையே துறந்து வெளியேறினார் என்பது சரித்திரம். அத்தகைய சேவையிலே, குறித்த நேரத்துக்கு நோயாளி வராமையால் வீணாகிப்போகும் நேரங்களைப்பற்றித்தான் இங்கே எழுத விரும்புகிறேன். கிழக்கு லண்டனில், தமிழர் திரளாக வாழும் ஈஸ்ட்ஹாம் பகுதியிலுள்ள ஒரு குடும்ப வைத்தியரின் சேர்ஜரியில் வரவேற்பு மேசையில் இருந்து வேலை பார்ப்பவள் என்ற முறையில், இந்த விஷயம் என் மனத்தை நாடோறும் உறுத்திக்கொண்டிருக்கிறது.

இங்கிலாந்தின் சுகாதார சேவை 2019இல் வெளியிட்ட கணக்கின்படி, குடும்ப வைத்திய நிலையங்களில் ஒதுக்கப்படும் நேரங்களில் இருபதில் ஒன்று, அதாவது ஆண்டொன்றுக்கு ஒன்றரைக் கோடிக்கும் அதிகமானவை, நோயாளர் வராமலும் முன்னறிவித்தல் கொடாமலும் வீணாகின்றன. அதனால் நேரும் நட்டம் 21 கோடியே 60 லட்சம் பவுணுக்கு மேல். பெரிய ஆஸ்பத்திரிகளின் வெளிநோயாளர் பிரிவுகளில் வீணாகும் நேரங்கள் தனிக்கணக்கு. எங்கள் கணினித் திரையில் ஒருவருடைய பெயருக்கு எதிரே ‘வரவில்லை’ என்ற குறியை இடுவதற்கு ஒரு விநாடி போதும். ஆனால், காய்ச்சலில் வாடும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து, இன்றைக்கு இடமில்லை என்று கேட்டுத் திரும்பிப்போன ஒரு தாயின் முகம் மனத்தில் இருக்கும்போது, அந்தக் குறியை இடும் கை சிறிது தயங்கத்தான் செய்கிறது.

நம்மவர் நேரம் தவறுகிறவர்கள் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது அநியாயம் என்பது என் அபிப்பிராயம். ஊரில் நாம் பழகிய முறை வேறு. யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கிளினிக் நாளன்று போகிறவர், கொப்பியில் எழுதப்பட்ட திகதியைப் பார்த்துக்கொண்டு விடியற்காலையிலேயே முதற் பஸ்ஸைப் பிடித்துப் போய், நம்பர் துண்டு எடுத்து, வாங்கில் இடம்பிடித்து, பக்கத்தில் இருப்பவரோடு ஊர்க்கதை பேசியபடி தம்முடைய முறை வரும்வரை காத்திருப்பார். அங்கே நோயாளிக்கு விதிக்கப்படுவது நாளேயன்றி நிமிஷமன்று. காத்திருக்கும் பொறுமை இருந்தால் வைத்தியரைக் காணாமல் திரும்ப நேராது. இங்கேயோ பத்து மணி இருபது நிமிஷம் என்று ஒரு வேளை குறிக்கப்படுகிறது. அதற்குரிய ஆயுசு பத்தே நிமிஷம். பஸ் தாமதித்துப் பத்தரைக்கு வந்து நிற்பவர், வியர்த்து மூச்சிரைக்க வந்தவராயினும், வராதவராகவே கணக்கில் சேர்க்கப்பட்டுவிடுகிறார்.

வந்திருந்தும் வராதவராகிப் போனவர்களும் உண்டு. நமது வழக்கத்தில் தந்தையின் பெயர் தன் பெயரோடு சேர்ந்து வருகிறது. இங்கே பதிவேட்டில் அது குடும்பப் பெயராகிவிடுகிறது. வைத்தியர் கதவைத் திறந்து, நாலைந்து அசைகளை விழுங்கிய ஓர் உச்சரிப்பில் அந்தக் குடும்பப் பெயரைக் கூப்பிடுகிறார். அறையின் மூலையில், கம்பளித் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, வாசலையே பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் முதியவருக்கு, என்றோ காலமாகிவிட்ட தம் தகப்பனாரைத்தான் யாரோ அழைக்கிறார்கள் என்று தோன்றுவதற்குக்கூட நியாயமில்லை. இரண்டு முறை அழைத்துவிட்டுக் கதவு மூடப்படுகிறது. இதைக் கண்ட பிறகு எங்கள் சேர்ஜரியில், தாம் எந்தப் பெயரால் அழைக்கப்பட விரும்புகிறார் என்பதைப் பதிவின்போதே ஒவ்வொருவரிடமும் விசாரித்து எழுதிவைக்கும் வழக்கத்தை ஏற்படுத்தினோம். செலவென்று எதுவும் இல்லாத காரியம்.

கடிதத்தின் கதையும் இத்தகையதே. “பிள்ளை, கடிதம் வந்தது, மகன் வாசிச்சுச் சொல்லுவான் எண்டு மேசையிலை வச்சனான். அவன் வேலையாலை வரேக்கை நான் நித்திரை, நான் எழும்பேக்கை அவன் போட்டான்” என்று ஓர் அம்மா என்னிடம் சொன்னபோது, அந்த வீட்டின் இரவுபகல் முழுவதும் எனக்குப் புலனாயிற்று. மகன் பண்டகசாலையில் விடியலிலிருந்து இரவு வெகுநேரம்வரை வேலை செய்கிறார். மருமகள் அதிகாலையில் துப்புரவு வேலைக்குப் புறப்படுகிறார். ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த பேரப்பிள்ளை பள்ளிக்கூடத்தில். அந்தக் கடிதத்தை எழுதிய காரியாலயமோ தன் கடமை நிறைவேறிவிட்டதாக எண்ணியிருக்கும். வைத்தியரைக் காணும்போது மொழிபெயர்ப்பாளரை இலவசமாகக் கேட்டுப் பெறலாம் என்று நம்மவர் பலருக்கு இன்றும் யாரும் சொல்லவில்லை. சொல்லப்பட்டவர்களும், பிறத்தியார் முன்னிலையில் தம் நோயைப் பேசக் கூச்சப்படுகிறார்கள்.

பரிகாரங்கள் இல்லாமலில்லை. கைத்தொலைபேசிக்கு முதல் நாளே நினைவூட்டும் குறுஞ்செய்தி அனுப்பினால் வராமை குறைகிறது என்பது பல ஆய்வுகளினால் ஸ்தாபிக்கப்பட்ட உண்மை. அதன் வாசகத்தைச் சிறிது மாற்றினால் இன்னும் குறையும் என்பதைக் கிழக்கு லண்டனின் பார்ட்ஸ் ஆஸ்பத்திரிக் குழுமத்தில் நடந்து, 2015இல் வெளியான ஒரு பரிசோதனை காட்டிற்று. நீங்கள் வராவிட்டால் சுகாதார சேவைக்குச் சுமார் 160 பவுண் நட்டமாகும் என்று எழுதி அனுப்பியபோது, வராதவர் தொகை நூற்றுக்கு 11.1 என்பதிலிருந்து 8.4 ஆகக் குறைந்தது. ஆயினும், பணத்தின் பெயரைச் சொல்லி மனச்சாட்சியைத் தொடும் அச்செய்தி, அதை வாசிக்க இயலாதவரிடத்தும், வாசித்தும் வேலையிடத்தில் விடுப்புக் கிடையாதவரிடத்தும் என்ன செய்துவிடும் என்ற கேள்வி எனக்கு இருக்கிறது.

பெட்ஃபோர்ட்ஷயரில் சில குடும்ப வைத்திய நிலையங்களில் நடத்தப்பட்டு 2012இல் வெளிவந்த ஆய்வொன்றே என் மனத்துக்கு அதிகம் இசைந்தது. திகதியையும் நேரத்தையும் வரவேற்பாளர் எழுதிக் கொடுப்பதற்குப் பதிலாக நோயாளியே தம் கைப்பட எழுதிக்கொள்ளும்படி செய்ததில், வராமை நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கு குறைந்ததாம். சென்ற மாதம் இத்தனை பேர் வரவில்லை என்று சுவரில் ஒட்டப்படும் அறிவித்தல், வராமலிருப்பது சகஜம் என்ற எண்ணத்தையே விதைக்கிறது என்று கண்டு, எத்தனை பேர் தவறாமல் வந்தார்கள் என்று அதை மாற்றியும் எழுதிப் பார்த்திருக்கிறார்கள். நாங்களும் அட்டையையும் பேனாவையும் நோயாளியின் பக்கம் நகர்த்தத் தொடங்கினோம். சங்கக்கடை மனேஜராயிருந்து ஓய்வுபெற்ற ஓர் ஐயா, கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி, “வியாழன் காலை பத்து இருபது, சீனி வருத்தம்” என்று முத்துமுத்தான தமிழெழுத்தில் எழுதி, அடியில் ஒரு கோடும் இழுத்து, நான் சொன்னதைத் தாம் சரியாக எழுதியிருக்கிறாரா என்று எனக்கே வாசித்துக் காட்டினார். அவர் இதுவரை ஒரு முறையும் தவறவில்லை.

வர இயலாது என்று அறிவிப்பதை நாம் எவ்வளவு கடினமாக்கி வைத்திருக்கிறோம் என்பதையும் சொல்லியாக வேண்டும். காலை எட்டு மணிக்கு எங்கள் தொலைபேசிகள் ஒருங்கே அலறத் தொடங்கும். அன்றைக்கு இடம் கேட்பவர்களின் வரிசையிலேயே, எனக்கு இன்றைக்கு வேண்டாம் என்று சொல்ல வருபவரும் நிற்க வேண்டியிருக்கிறது. எண்ணி இவ்வளவுதான் என்று காசு போட்ட தொலைபேசியைக் கையில் வைத்திருப்பவர், இசையைக் கேட்டுக்கொண்டு இருபது நிமிஷம் காத்திருக்கமாட்டார். குறுஞ்செய்திக்கு ஒரு சொல்லில் பதில் அனுப்பினாலே நேரம் விடுவிக்கப்படும் ஏற்பாடு வந்த பிறகுதான், அப்படி விடுபட்ட இடங்களைப் பிறருக்கு வழங்க எங்களால் முடிந்தது. அமெரிக்காவில் மார்க் மரே, கத்தரின் டான்டோ என்ற இருவர் வகுத்த முறையின்படி, அன்றன்றைய நேரங்களில் பெரும்பகுதியை அன்றன்றைக்கு அழைப்பவருக்கே திறந்து வைத்தால், வாரக்கணக்கில் முன்கூட்டிக் குறித்து மறந்துபோகும் சங்கடமே எழாது. நம்மூர் நம்பர் துண்டுக்கு அது தூரத்து உறவு.

வராதவரிடம் அபராதம் அறவிட வேண்டும் என்ற குரலும் இந்த நாட்டில் அவ்வப்போது எழுகிறது. 2022இல் பிரதமர் பதவிக்குப் போட்டியிட்ட ரிஷி சுனாக் பத்துப் பவுண் தண்டம் விதிக்கப்போவதாக அறிவித்து, பதவியேற்ற பின்னர் அதைக் கைவிட்டார், கைவிட்டது நன்று. பத்துப் பவுண், இருப்பவருக்கு ஒரு பொருட்டல்ல. இல்லாதவருக்கோ அடுத்த முறை வைத்தியரின் பக்கமே தலைவைத்துப் படுக்காதிருக்க அதுவே போதும்.

யார் அந்த வராதவர்? கிளாஸ்கோப் பல்கலைக்கழகத்து வைத்தியப் பேராசிரியை ஆன்ட்ரியா வில்லியம்சன் உள்ளிட்ட ஆய்வாளர், ஸ்காட்லாந்தில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளரின் பதிவுகளை ஆராய்ந்து எழுதியவற்றை வாசித்த நாள்முதல், திரையிலே நான் இடும் குறி எனக்கு வேறொன்றாகத் தெரிகிறது. 2019இல் வெளியான அவர்களுடைய ஆய்வின்படி, நெடுங்கால மனநோய் உடையவர்களுள், ஆண்டுக்கு இரண்டு தடவைக்கு மேல் வராதிருந்தவர்களுக்கு மரண அபாயம், ஒருமுறையும் தவறாதவர்களுடையதைப்போல் எட்டு மடங்குக்கும் அதிகம். அப்படியானால், திரும்பத் திரும்ப வராதிருப்பவர் ஒழுங்கீனர் என்று ஒதுக்கத்தக்கவரல்லர்; ஆபத்தின் விளிம்பில் நிற்பவர். அநேக இடங்களில் மூன்று முறை வராதவருக்கு எச்சரிக்கைக் கடிதம் போகிறது. அதன் பிறகு பதிவிலிருந்து பெயர் நீக்கப்படுவதும் உண்டு. யுத்தத்தில் பிள்ளையைப் பறிகொடுத்து, உறக்கமில்லாத இரவுகளுக்குப் பின்னர் பகலில் கதவைத் திறக்க அஞ்சி, திரைச்சீலையை இழுத்துவிட்டு இருக்கும் ஒரு நம்மூர்த் தாய்க்கு அப்படியொரு கடிதம் போய்ச் சேர்வதை நான் நினைத்துப் பார்க்கிறேன். அவருக்குத் தேவையானது தன் மொழியில் ஒரு குரலும், பத்து நிமிஷத்துக்குப் பதிலாக இருபது நிமிஷமும், எப்போதும் ஒரே வைத்தியரும்.

எசெக்ஸ் மாகாணத்து ஆஸ்பத்திரிகளில், யார் வராமல் போகக்கூடும் என்பதைச் செயற்கை நுண்ணறிவு முன்கூட்டியே கணித்து, அவர்களுக்கு மாலையிலோ வார இறுதியிலோ வசதியான நேரம் கொடுத்ததில், ஆறு மாதத்தில் வராமை ஏறக்குறைய முப்பது சதவீதம் குறைந்ததாக 2024இல் அறிவித்தார்கள். நான் அதை மனப்பூர்வமாக வரவேற்கிறேன். எனினும் யந்திரம் பெயரைத்தான் சொல்லும். காரணத்தை ஒருவர் அழைத்துக் கேட்க வேண்டும். அதனால், வெறிச்சோடிய பிற்பகல்களில், தொடர்ந்து தவறியவர்களை நாங்கள் தொலைபேசியில் அழைத்து விசாரிக்கிறோம். முழங்கால் வலியோடு, எட்டேமுக்கால் மணிக்கு விதிக்கப்பட்ட நேரத்தை மீண்டும் மீண்டும் தவறவிட்ட ஓர் அம்மா, வெகு நேரம் தயங்கிய பிறகு காரணத்தைச் சொன்னார்: முதியோருக்கான இலவசப் பயண அட்டை வார நாட்களில் காலை ஒன்பது மணிக்கு முன்னர் லண்டன் பஸ்களில் செல்லுபடியாகாது, பஸ்காசை மருமகளிடம் கேட்க அவருக்கு மனம் வரவில்லை. இனி அவருக்குப் பத்து மணிக்கு முன் நேரம் கொடுக்கலாகாது என்று அவருடைய பதிவில் அன்றே எழுதினேன். அந்த அட்டையோடு வருகிற மற்றவர்களின் பதிவுகளிலும் அதே குறிப்பை இப்போது ஒவ்வொன்றாகச் சேர்த்து வருகிறோம்.