முடிச்சுப் போடாத கயிறு

போன வருசம் அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவுக்குப் போனப்ப, அங்க கூடுற குதிரைச் சந்தையில ஒரு பெண் குதிரை வாங்கினேன். வண்டியில பூட்டலாம்னு நெனப்பு. கயிற்றைப் புடிச்சு நடந்தா ஆட்டுக்குட்டி மாதிரி பின்னாலயே வரும். கட்டிப்போட்டா மட்டும் ஆகாது. கயிறு இறுகினதும் மெரண்டுபோய், காலை ஊனிப் பின்னுக்கு இழுக்கும். கயிறு அறுந்தாத்தான் நிக்கும்.

மாடு பழக்கின கை எனக்கு. அறுக்க முடியாத கயிறு போட்டா அடங்கிரும்னு, நைலான் கயிற்றுல வேப்பமரத்தோட கட்டினேன். இழுத்த இழுப்புல கால் வழுக்கி விழுந்துருச்சு. கழுத்து முறிஞ்சுதுன்னே நெனச்சேன். முடிச்சு இறுகி அவுக்க வரல. வீட்டுக்காரிதான் அருவா கொண்டாந்து அறுத்துவிட்டா. எந்திரிச்சு நின்னு நடுங்குச்சு. காதுக்குப் பின்னால தோல் உரிஞ்சிருந்துச்சு. அப்பறம் என்னைக் கண்டாலே ஒதுங்குச்சு.

அந்தக் காலத்துல குதிரைவண்டி ஓட்டின பெரியவர் ஒருத்தரைப் போய்ப் பார்த்தேன். "அது முரண்டு இல்ல தம்பி, பயம். ஓடித் தப்பிக்கிற சாதி அது. தலையை ஏதோ புடிச்சுக்கிச்சுன்னு நெனைக்குது. நீ இறுக்க இறுக்க இழுக்கத்தான் செய்யும்"னாரு.

புண்ணு ஆறுற வரைக்கும் விட்டுட்டு, அவர் சொன்னபடி ஆரம்பிச்சேன். மொதல்ல கட்டவே இல்ல. கயிற்றை லேசா முன்னால இழுத்துப் புடிப்பேன். அது ஒரு அடி எடுத்து வெச்ச நொடியே தளர்த்திருவேன். முன்னால வந்தா இறுக்கம் போயிரும்னு அதுக்குப் புரியணும், அவ்வளவுதான். பத்து நாள் வேற எதுவும் செய்யல.

அடுத்து, நீளக் கயிறா எடுத்து, அது முதுகு ஒசரத்துக்கு மரத்துல ஒரு சுத்து மட்டும் சுத்தி, நுனியை நான் புடிச்சுக்கிட்டேன். முடிச்சு கிடையாது. பின்னால போனா கயிறு கொஞ்சங்கொஞ்சமா நழுவும். எதுவும் புடிச்சுவெக்கலைன்னு தெரிஞ்சதும் அதுவே நிக்கும். திரும்ப முன்னால வந்தா ஒரு கை ஊறவெச்ச கொள்ளு. கயிற்றைக் கையில மட்டும் சுத்திக்கவே கூடாது, விரல் போயிரும்.

ஒன்றரை மாசம் ஆச்சு. ஒருநாள் பக்கத்துல தென்னமட்டை தொப்புனு விழுந்துச்சு. குதிரை ரெண்டடி பின்னால பாஞ்சுது. கயிறு இறுகுச்சு. எனக்கு நெஞ்சு அடிச்சுக்கிச்சு. ஆனா அதுவே ஒரு அடி முன்னால வெச்சு, பெருமூச்சு விட்டு நின்னுச்சு.

இப்ப கட்டறேன். ஆனா நுனியை இழுத்தா அவுந்துக்கிற முடிச்சுதான். காதுக்குப் பின்னால, தோல் உரிஞ்ச எடத்துல வெள்ளை முடி மொளச்சிருக்கு. தேய்ச்சுவிடறப்ப என் கை அங்க போனா இன்னமும் தலையை ஒதுக்கும். ஒதுக்கட்டும்னு கையை எடுத்துக்குவேன்.